வடசென்னை ஆங்கிலம் கற்ற விதம்

சென்னைக்குக் கடல் இருந்தது, துறைமுகம் இருக்கவில்லை. 1861இல் இரும்புத் தூண்களின்மேல் ஒரு பாலம் கடலுக்குள் நீட்டப்படும் வரையில், சீமையிலிருந்து வந்த கப்பல்கள் கரைக்கு வெகுதூரத்துக்கு அப்பாலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்க, அவற்றில் வந்த கவர்னர் முதல் சரக்கு மூட்டை வரை அனைத்தும், ஆணி ஒன்றும் அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில் ஏறி, அலைவரிசைகளைத் தாண்டித்தான் மணலைத் தொடவேண்டியிருந்தது. படகும் போகமுடியாதபடி கடல் கொந்தளித்த நாட்களில், கட்டுமரக்காரன் தன் ஓலைத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகிக்கொண்டு கோட்டைக்கும் கப்பலுக்கும் இடையே சேதி சுமந்தான். இத்தனை பெரிய வாணிபம், தமிழோ தெலுங்கோ பேசிய படகுக்காரனையும் ஆங்கிலம் பேசிய மாலுமியையும் நம்பி நடந்ததென்றால், அவ்விருவரும் ஒருவர் சொல்லை ஒருவர் எப்படி அறிந்தார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பு. அந்நிய பாஷை ஒன்றின் சொற்களை மனிதன் எந்த வழியில் சேர்த்துக்கொள்கிறான் என்னும் பொது விஷயத்துக்கும், அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடை ஓரளவு வெளிச்சம் தரும்.

ராயபுரத்துப் படகுக்காரர்கள் பள்ளிக்கூடம் சென்று ஆங்கிலம் படித்தவர்கள் அல்லர். தங்கள் கூலியில் ஒரு பங்கை ஒதுக்கிப் பேதுருவின் பெயரால் அவர்கள் கட்டிக்கொண்ட மாதாகோயில் இன்றும் அங்கே நிற்கிறது. அவர்கள் பேசிய ஆங்கிலத்துக்கு அப்படிப்பட்ட நினைவுச்சின்னம் எதுவும் இல்லை. ஆனால் கடல்தொழிலில் புழங்கிய கலப்பு பாஷையைப் புத்தகத்தில் பிடித்துவைக்க முயன்றவர் ஒருவர் உண்டு. சென்னைப் பட்டாளத்தில் அதிகாரியாயிருந்த தாமஸ் ரோபக், 1811இல் கல்கத்தாவில் ஆங்கில-ஹிந்துஸ்தானிக் கடற்படை அகராதி ஒன்றை அச்சிட்டார். கப்பலின் உறுப்புகளுக்கும் கருவிகளுக்கும் பெயர் சொல்வதோடு அவர் நிறுத்தவில்லை. பாயை ஏற்றவும் இறக்கவும் லஸ்கர்கள் எனப்பட்ட ஆசிய மாலுமிகளுக்கு இடவேண்டிய கட்டளைகளையும், கடலில் பயன்படும் முழு வாக்கியங்கள் பலவற்றையும் அவர் சேர்த்துத் தந்தார். நடுக்கடலில் சுழற்காற்று வீசும்போது தனிச்சொல்லின் அர்த்தம் தெரிந்தால் மட்டும் போதாது, அந்தச் சொல்லை யாரிடம், எந்தத் தொனியில், எந்த வினையோடு சேர்த்துக் கூவவேண்டும் என்பதும் தெரிந்தாகவேண்டும் என்பதை அந்த அதிகாரி அறிந்திருந்தார். போர்த்துகீசியம், அரபு, ஹிந்துஸ்தானி, ஆங்கிலம் எல்லாம் கலந்த அந்த லஸ்கர் பாஷையின் எச்சம் நம் காலத்திலும் மறையவில்லை. பாரத்தைக் கீழே இறக்கக் கிரேன்காரருக்குக் கையசைத்து ‘அரியா’ என்று குரல் கொடுக்கும் தொழிலாளி, போர்த்துகீசிய மாலுமி விட்டுச்சென்ற ஒரு கட்டளையைத்தான் தன் சொந்தச் சொல்லாகப் பாவித்துக் கூவுகிறார்.

கரையிலிருந்து சிறிது உள்ளே வந்தால் முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் சேர்ந்த கறுப்பர் பட்டணம். பிற்காலத்தில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் பெற்றது. வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்து அங்கே வாழ்ந்த துபாஷிகள் கற்ற ஆங்கிலமும் ஏட்டிலிருந்து வந்ததன்று. வெள்ளைக்கார வியாபாரியின் கணக்குப் புத்தகத்தைப் பிரதி எடுத்தும், அவன் எழுதிய கடிதங்களை நகல் செய்தும், கிடங்கில் இறங்கிய சரக்கைப் பட்டியலோடு ஒத்துப்பார்த்தும், நாளடைவில் எந்தச் சந்தர்ப்பத்துக்கு எந்த வாசகம் என்பதை அவர்கள் மனத்தில் பதித்துக்கொண்டார்கள். பச்சையப்ப முதலியார் (1754-1794) அந்த வகையில் பொருளீட்டியவர்களில் தலைசிறந்தவர். அவர் தர்மத்துக்கென்று விட்டுச்சென்ற சொத்திலிருந்து அரைநூற்றாண்டுக்குப் பிறகு, 1842இல், ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிக்கூடம் ஒன்று அதே பேட்டைகளின் நடுவே எழுந்தது.

துபாஷிக்குக் கீழே, பங்களாவில் வேலை செய்த பட்லரும் ஆயாவும் பேசிய ஆங்கிலத்தைத் துரைமார்கள் பரிகாசம் செய்தார்கள். ‘ஐ டெல்லிங்’ என்றால் சொல்வேன் என்று எதிர்காலம். ‘ஐ டன் டெல்’ என்றால் சொல்லியாயிற்று என்று இறந்தகாலம். ஊன்றிப் பார்த்தால் இதில் குழப்பம் ஒன்றுமில்லை; காலங்களைப் பிரித்துக்காட்ட ஒழுங்கான இரண்டு விதிகள் இருக்கின்றன. இலக்கணம் சொல்லித்தர யாரும் இல்லாத நிலையில், காதில் விழுந்த வாக்கியங்களிலிருந்தே ஒரு சிறு இலக்கணத்தை அந்த எளிய மக்கள் வகுத்துக்கொண்டார்கள். ஆஸ்திரியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியராயிருந்த ஹூகோ ஷூகார்ட் என்னும் மொழியியல் அறிஞர், 1891இல் இந்திய-ஆங்கிலத்தைப் பற்றி எழுதியபோது, சென்னையின் பட்லர் ஆங்கிலத்தையும் ஆராய்ச்சிக்குரிய பொருளாக மதித்து எடுத்துக்கொண்டார்.

இதற்கு நேர் எதிர்த்திசையில், தமிழைக் கற்க விரும்பிய ஐரோப்பியர்கள் புத்தகத்தையே நாடினார்கள். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானபோது அங்கே கைப்பற்றிய அச்சு யந்திரம் வேப்பேரி மிஷனுக்கு வந்துசேர்ந்தது. ஜெர்மானியப் பாதிரியாரான யோஹான் பிலிப் பாப்ரிசியஸ், தம் தோழர் பிரைத்தாப்ட்டுடன் சேர்ந்து, 1779இல் தமிழ்-ஆங்கில அகராதியையும், 1786இல் ஆங்கில-தமிழ் அகராதியையும் அங்கே வெளியிட்டார். முதல் நூலில் சுமார் 9,000 சொற்கள் இருந்தன. அதன் முகப்பிலேயே சொற்களோடு சொற்றொடர்களையும் விளக்குவதாக அறிவிப்பு இருந்தது. பிறருக்காகப் பணத்தைக் கையாண்டு கடனில் சிக்கிச் சிறைவாசமும் அனுபவித்து, 1791இல் அந்தப் பெரியவர் காலமானார். அவருடைய அகராதி மட்டும் பின்வந்தவர்களுக்கு அஸ்திவாரமாயிற்று. ராட்லர், அவருக்குப் பின் 1862இல் 67,000 சொற்களுக்கு மேல் அடங்கிய பெருநூலை வெளியிட்ட மிரன் வின்ஸ்லோ என்று அந்தப் பரம்பரை சென்னையிலேயே வளர்ந்தது. ஆயினும் இவையாவும் பெரும்பாலும் தமிழ் கற்ற அந்நியருக்கு உதவியவை. ஆங்கிலம் கற்ற தமிழ்ப் பிள்ளைகளை உத்தேசித்து, பள்ளிக்கூடங்களுக்கென்றே அமைந்த ஆங்கில-தமிழ் அகராதியை உருவாக்கியவர்கள், 1840களில் யாழ்ப்பாணத்து மிஷனரிகளான நைட், ஸ்பால்டிங் முதலியவர்கள்.

பள்ளிப் பிள்ளைகளிடம் ஆங்கிலம் வந்தபோது, அது நம்முடைய ஒரு பழைய வழக்கத்தைச் சந்தித்தது. திண்ணைப் பள்ளியில் படித்த மாணவனுக்கு நிகண்டு மனப்பாடம். ஒரு பொருளுக்குரிய பல பெயர்களையும் விருத்தங்களாக்கிக் கொடுத்த சூடாமணி நிகண்டு போன்ற நூல்களை அவன் அர்த்தம் அறியும் முன்னரே நாவில் ஏற்றிக்கொண்டான். அகரவரிசையில் சொற்களைத் தேடும் வசதியை 1732இல் வீரமாமுனிவர் தம் சதுரகராதியால் உண்டாக்கினார் என்றாலும், அச்சில் அது பரவப் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறக்கவேண்டியிருந்தது. நிகண்டு ஓர் அற்புதமான ஞாபகக் கருவி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதைக் கற்ற மாணவனைச் சுற்றி, வீட்டிலும் வீதியிலும், அந்த பாஷை இருபத்துநான்கு மணிநேரமும் ஒலித்துக்கொண்டிருந்தது. சொல்லை நிகண்டு கொடுத்தது, பிரயோகத்தை ஊர் கொடுத்தது. அதே முறையை ஊரில் ஒலிக்காத ஆங்கிலத்துக்குப் பிரயோகித்தபோதுதான் விபரீதம் நேர்ந்தது. ஸ்பெல்லிங் புத்தகத்தை எழுத்தெழுத்தாக ஓதி, பொருள் தெரியாமலே பக்கம் பக்கமாக ஒப்பிக்கும் வழக்கம் ஏற்பட்டது. சதர் அதாலத் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த வெண்ணெலகண்டி சுப்பாராவ், சென்னைப் பள்ளிப் புத்தகச் சங்கத்துக்கு 1820இல் அளித்த அறிக்கையில், பொருளறியாது படிக்கும் அந்த முறையின் குறைகளை எடுத்துக்காட்டினார். தாமே முட்டி மோதி ஆங்கிலம் கற்று உயர்ந்தவராதலால் அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. வழக்கம் மாற மட்டும் அது போதவில்லை.

1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய மிஷன் பள்ளியும், அதை அடுத்துப் பச்சையப்பன் பள்ளியும், 1857இல் சர்வகலாசாலையும் தோன்றிய பிறகு, ஆங்கிலச் சொல்லறிவு பரீட்சையின் விஷயமாயிற்று. பாடப் புத்தகத்தின் கடினமான பதங்களைப் பொறுக்கி, அவற்றுக்குச் சமமான வேறு ஆங்கிலப் பதங்களைக் கொடுக்கும் ‘நோட்ஸ்’ புத்தகங்கள் பெருகின. நிகண்டு வேறு உருவத்தில் மறுபிறவி எடுத்தது என்றே சொல்லவேண்டும். இந்தப் பரீட்சை ஆங்கிலத்துக்குப் பலியானவர்களில் உலகறிந்த ஒருவர் சீனிவாச ராமானுஜன். கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரையில் தவறியதால் உபகாரச் சம்பளத்தை இழந்து, பின்பு பச்சையப்பன் கல்லூரியிலும் எப்.ஏ. தேறாமல், 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அவர் எழுதிய வேலை மனுவைப் படித்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்று புலப்படும்: அக்காலத்துக் குமாஸ்தாக்கள் எல்லோரும் எழுதிய அதே வாய்பாட்டு வாசகங்கள், அதே வணக்கம், அதே முடிவு. ஓராண்டுகூட நிறைவதற்குள், 1913 ஜனவரியில், அதே துறைமுகக் கணக்குப் பிரிவின் குமாஸ்தா என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டு, கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பரீட்சையில் தேறாத ஆங்கிலம் அந்தக் கடிதத்தில் தடுமாறவில்லை. சொல்வதற்கு அவரிடம் விஷயம் இருந்தது. சொல்லவேண்டிய அவசியமும் இருந்தது.

ராமானுஜன் மனு எழுதுவதற்கு ஒரு தலைமுறை முன்பே, சென்னைக் கரையில் வழங்கிய சொற்களைக் கொண்டு ஒரு வினோதமான அகராதி பிறந்திருந்தது. சென்னை சிவில் சர்வீஸில் இருந்து தஞ்சையில் நீதிபதியாகப் பணிபுரிந்த ஆர்தர் கோக் பர்னெல், கர்னல் ஹென்றி யூலுடன் கடிதத் தொடர்பு கொண்டு, இந்தியாவில் ஆங்கிலேயர் பேச்சில் புகுந்த சொற்களைத் திரட்டினார். 1882இல் பர்னெல் இறந்துவிட, யூல் தனித்து உழைத்து 1886இல் ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்னும் பெயரால் அதை வெளியிட்டார். அதில் கட்டுமரம் என்ற சொல்லைத் திருப்பிப் பார்ப்போம். முதலில் பொருளும் தமிழ் மூலமும் இருக்கும். அதன் கீழே, 1583ஆம் வருஷம் இந்தக் கரைக்கு வந்த பால்பி என்ற வெனிஸ் நகரத்து வியாபாரி, ஏழு உருண்டை மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையை அதிசயித்து எழுதியது. பிறகு 1673இல் வந்த ஆங்கில வைத்தியர் பிரையர் எழுதியது. இப்படி வருஷக்கிரமமாக ஒவ்வொருவர் வாக்கியமும் வரிசையாக நிற்கும். பட்லர் ஆங்கிலத்துக்கும் அதில் தனிப் பதிவு உண்டு. அகராதிக்காரர் தாமே புனைந்த உதாரணம் ஒன்றும் அங்கில்லை. சொல்லை யார், எந்த ஆண்டில், எதைப் பார்த்துச் சொன்னார் என்ற சாட்சியமே பொருளை நிலைநாட்டுகிறது. 1755இல் ஜான்சன் தம் ஆங்கில அகராதியில் மேற்கோள்களைக் கொடுத்துத் தொடங்கிவைத்த இந்த முறை, ஆக்ஸ்போர்டு பேரகராதியின் முதற்பகுதி 1884இல் வெளிவந்த காலத்தில் உச்சம் பெற்றது. படகுக்காரனும் துபாஷியும் அனுபவத்தில் செய்துவந்ததை, அதாவது சந்தர்ப்பத்திலிருந்து சொல்லுக்குப் போவதை, பண்டிதர்கள் பல நூறாண்டுக் காகிதங்களைத் துழாவிச் செய்தார்கள்.

ஆனால் அத்தகைய பேரகராதிகள் கற்றறிந்தவர்களுக்கே உதவும். ஆங்கிலம் புதிதாகக் கற்பவனுக்கு, தெரியாத ஒரு சொல்லின் பொருளைத் தெரியாத வேறு நான்கு சொற்களால் சொல்வதில் என்ன பிரயோஜனம்? இந்தச் சங்கடத்தைத் தீர்க்க வழி கண்டவரும் அன்றைய இந்தியாவிலேயே இருந்தார். டாக்காவில் கல்வி அதிகாரியாயிருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கும் விதத்தைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1935இல் எண்டிகாட் என்பவருடன் சேர்ந்து ஓர் அகராதியை வெளியிட்டார். 1,490 எளிய சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற சொற்கள் அனைத்துக்கும் அதில் பொருள் எழுதினார்கள். ஜப்பானில் ஆசிரியராயிருந்த ஹார்ன்பியும் அவர் நண்பர்களும் 1942இல் டோக்கியோவில் வெளியிட்டு, 1948இல் ஆக்ஸ்போர்டு அச்சகம் மறுபதிப்புச் செய்த அகராதியோ, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வாக்கிய அமைப்பில் நிற்கும் என்பதை உதாரணங்களால் விளக்கியது. எளிய விளக்கம், உடனே உதாரண வாக்கியம் என்று இன்றைய மாணவர் அகராதிகளில் காணும் அமைப்பு இவ்விரண்டு ஊற்றுக்களிலிருந்து வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு, சென்னை ராஜ்யத்தின் பள்ளிகளில் ஆங்கிலத்தை வாக்கிய அமைப்புகளின் வழியே கற்பிக்கும் புதிய பாடத்திட்டம் வந்தது. அதற்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1959 வாக்கில் தொடங்கிய இயக்கத்தைப் ‘பனிப்பந்து’ என்று ஆங்கிலேயர் அழைத்தார்கள். முதலில் சிலருக்குப் பயிற்சி அளித்து, அவர்கள் ஊர்தோறும் சென்று மற்றவர்களுக்குப் பயிற்சி தர, இப்படி உருண்டு பெருகி ஏறக்குறைய 27,000 ஆசிரியர்களை எட்டுவது திட்டம். பனியையே காணாத ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் அதன் விளைவு கேட்டது. ஆசிரியர் மேஜைமேல் ஒரு புத்தகத்தை வைத்து, ‘திஸ் இஸ் எ புக்’ என்று சொல்ல, வகுப்பு முழுதும் அதைத் திருப்பிச் சொல்லும். பொருள் கண்முன் இருந்தது. வாக்கியமும் சுத்தமாக இருந்தது. ஆனால் மேஜைமேல் புத்தகம் இருப்பதை, அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கு உண்டு? உதாரண வாக்கியம் கிடைத்துவிட்டது. அதை உயிரோடு வைத்திருக்கும் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்து வடசென்னை வீடுகளில் நாற்பது பக்க நோட்டு ஒன்று தவறாமல் இருக்கும். ஸ்கேலால் இரண்டு கோடுகள் போட்டு மூன்று பத்தியாக்கி, முதலாவதில் ஆங்கில வார்த்தை, இரண்டாவதில் லிப்கோ அகராதியைப் பார்த்து எழுதிய அர்த்தம், மூன்றாவதில் ‘சொந்த வாக்கியம்’. முதல் இரண்டு பத்திகளும் கடைசிப் பக்கம் வரை நிரம்பியிருக்கும். மூன்றாவதோ நாலைந்து பக்கங்களுக்குப் பிறகு வெறுமையாக இருக்கும், அல்லது ராமன் நல்ல பையன் என்னும் தோரணையில் எந்த வார்த்தைக்கும் பொருந்துகிற ஒரே வாக்கியத்தால் நிரம்பியிருக்கும். லிப்கோ அகராதியின் உபகாரத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள் கொடுத்து, ஏழை மாணவனும் வாங்கக்கூடிய விலையில் அது கிடைத்தது. புதுப்பிரதி வாங்க வழியில்லாதவனுக்கு, 1985இல் தீக்கிரையாகும் வரையில், மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் இருந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதச் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960களில் வெளியிட்ட ஆங்கில-தமிழ்ச் சொற்களஞ்சியம் கலைச்சொற்களுக்கெல்லாம் துணை நின்றது. அர்த்தத்துக்குப் பஞ்சம் இல்லை. பஞ்சம் மூன்றாவது பத்தியில்தான்.

விந்தை என்னவென்றால், அந்த மூன்றாவது பத்தியை நிரப்பும் சரக்கு அதே வீட்டுக்குள் தினமும் வந்துகொண்டிருந்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்குப் புறப்பட்ட ரயில், ஷண்டிங், சிக்னல், லைன் கிளியர் முதலிய வார்த்தைகளை ரயில்வே குடும்பங்களின் வீட்டுப் பேச்சில் சேர்த்துவிட்டிருந்தது. துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்த தகப்பனார், மூட்டை கிழிந்து வந்தால் ஒரு விதமாகவும், நனைந்து வந்தால் வேறு விதமாகவும், எண்ணிக்கை குறைந்து வந்தால் மற்றொரு விதமாகவும் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதினார். ஒரு வார்த்தை மாறினால் நஷ்டம் கப்பல் கம்பெனியின் தலையிலா, துறைமுகத்தின் தலையிலா என்பது மாறிவிடும் ஆகையால், அந்தச் சிறு வித்தியாசங்களை அவர் ஒருபோதும் மறந்ததில்லை. எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்டாக மாறி லாரிகளைச் செய்தது; திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவாயின. அங்கே லேத்தில் நின்ற தொழிலாளி, ‘டாலரன்ஸ்’ என்ற சொல்லை அகராதியில் பார்த்துச் சகிப்புத்தன்மை என்று கற்கவில்லை. வரைபடத்தில் குறித்த அளவுக்கு எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதைக் கையாலும் மைக்ரோமீட்டராலும் கற்றார். மகன் பரீட்சைக்காக உருப்போட்ட ஆங்கிலத்தைவிடத் தகப்பனார் தொழிலில் கற்ற ஆங்கிலம் சிறியது. ஆனால் அது முழுமையானது. இவ்விரண்டையும் ஒரே நோட்டில் சேர்க்கவேண்டும் என்ற எண்ணம் பள்ளிக்கும் தோன்றவில்லை, வீட்டுக்கும் தோன்றவில்லை. உடம்பால் உழைப்பவனின் பாஷையைப் பாஷையாகக் கருதாத மனோபாவமே அதற்குக் காரணம்.

இந்தக் குறையைக் கல்வித்துறைக்குள்ளிருந்தே உணர்ந்தவர் என். எஸ். பிரபு. வாக்கிய அமைப்பு முறை பழக்கத்திலிருந்த இதே தென்னாட்டில், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் சில பள்ளிகளில் அவர் ஒரு பரிசோதனை நடத்தினார். சொற்பட்டியலையும் வாக்கியப் பயிற்சியையும் பின்னுக்குத் தள்ளி, ரயில் கால அட்டவணையைப் பார்த்து வண்டியைத் தீர்மானிப்பது, வரைபடத்தைக் கொண்டு வழி காண்பது போன்ற காரியங்களை ஆங்கிலத்தில் கொடுத்து, அவற்றைச் செய்துமுடிக்கும் முயற்சியிலேயே பாஷை படியட்டும் என்றார். அவர் முறை உலகெங்கும் ஆசிரியப் பயிற்சிக் கூடங்களில் பாடமாயிற்று. நம் பள்ளிகளில் அது பரிசோதனையாகவே முடிந்தது.

இன்றைக்குக் கைப்பேசியில் தினம் பத்து வார்த்தை என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. விளக்கமும் உதாரணமும் விரல் நுனியில் கிடைக்கின்றன. அவற்றைக் குறைகூற வேண்டியதில்லை; பாப்ரிசியஸ் கண்டிருந்தால் பரவசப்பட்டிருப்பார். ஆனால் எந்த ஊரிலோ யாருக்காகவோ இயற்றிய உதாரண வாக்கியம் எண்ணூர்ப் பிள்ளையின் நாவில் ஒட்டுவதில்லை. அந்தப் பிள்ளை இருக்கும் இடத்தைச் சுற்றி ஆங்கிலம் இறைந்து கிடக்கிறது: கண்டெய்னரின் பக்கத்தில் அச்சிட்ட எச்சரிக்கை, அனல்மின் நிலையத்துப் பாதுகாப்புப் பலகை, சாம்பலும் எண்ணெயும் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் கலப்பதைப் பற்றிப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு. கடைசியாகச் சொன்னதைப் படிக்கத் தெரிந்துகொள்வதில் அந்த ஊர் மீனவனின் ஜீவனமே அடங்கியிருக்கிறது. வடசென்னைப் பள்ளிகளுக்கென்று ஒரு சொற்பயிற்சி நூலை யாராவது எழுத முன்வந்தால், அதன் உதாரண வாக்கியங்களை இத்தகைய காகிதங்களிலிருந்தே எடுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே, அதை எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், அதனால் என்ன நேர்ந்தது என்று இரண்டு வரி சேர்க்கட்டும். ரோபக்கும் பர்னெலும் அந்நியர்களாயிருந்தும் செய்த காரியம் அது. அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு அது இன்னும் சுலபமாகவே கைகூடும்.